விண்பயணப் புனைவில் குழுவினரின் மனநிலையும் ஒழுங்கும்

நெடிய விண்பயணக் கதைகள் கப்பல் கதைகளின் வழிவந்தவை. தலைவர், துணைத் தலைவர், பொறியாளர் என்ற பதவி வரிசையும் கலகம் பற்றிய அச்சமும் கடலிலிருந்து வந்தவையே. ஆனால் கடலில் கலகம் செய்தவர்களுக்கு ஒதுங்க ஒரு தீவாவது கிடைக்கும். விண்கலத்தில் அதற்கும் வழியில்லை.

ஆர்தர் சி. கிளார்க்கின் 'பிரேக்கிங் ஸ்ட்ரெய்ன்' (1949) சிறுகதையில், வெள்ளிக் கோளுக்குச் செல்லும் சரக்குக் கலத்தின் பிராணவாயு விண்கல் மோதி வீணாகிறது. மிஞ்சியது ஒருவருக்கே போதும். கலத்தில் இருப்பவர்கள் இருவர். முதலில் உடைந்துபோகிறவர் மக்நீல். கிராண்ட் நிதானமானவர், எதையும் முறையாகச் செய்பவர். ஆனால் மற்றவருக்கு நஞ்சு வைக்கத் துணிபவரும் அவர்தான்.

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்தில் பெற்றோரின் பிறந்தநாள் வாழ்த்து ஒளிபரப்பாகி வருகிறது; விண்வெளி வீரர் பூல் முகத்தில் சலனமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்தில் பதற்றமும் பயமும் ஹால் என்ற கணினிக்குத்தான். பயணத்தின் நோக்கத்தைக் குழுவிடம் மறைக்கும்படி இட்ட உத்தரவே அதைக் குழப்பியது என்று 1982இல் வந்த தொடர்ச்சி நாவல் விளக்கியது.

ஜான் கார்ப்பெண்டரின் 'டார்க் ஸ்டார்' (1974) படம் பூலிடம் தெரியும் இந்தச் சலனமற்ற மிடுக்கை நையாண்டி செய்கிறது. தாடி வளர்த்து, அலுத்துப்போய், ஒருவரோடொருவர் எரிந்துவிழும் குழு அது. கதிர்வீச்சுத் தடுப்புக் கேட்டால் நிதியில்லை என்கிறது பூமி. கழிப்பறைக் காகிதம் மொத்தமும் அழிந்த செய்திகூட கலத்தின் பதிவேட்டில் ஏறுகிறது. நெடும்பயணச் சலிப்பை இவ்வளவு நம்பும்படி காட்டிய படங்கள் குறைவு.

'ஏலியன்' (1979) படத்து நோஸ்ட்ரோமோ ஓர் இழுவைக் கலம். அதன் ஏழு பேரில் பொறியறை ஆட்களான பார்க்கரும் பிரெட்டும் பங்குப்பணம் குறைவென்று முணுமுணுப்பவர்கள். ஆனாலும் ஒழுங்கு குலைவது அவர்களால் அல்ல. நோய்த்தடுப்பு விதிப்படி வெளியே போனவர்களை 24 மணி நேரம் உள்ளே விடக்கூடாது என்கிறார் குழுவில் ஒருவரான ரிப்லி. தலைவர் டல்லஸ் திறக்கச் சொல்லியும் மறுக்கிறார். கதவைத் திறந்துவிடுபவர் அறிவியல் அதிகாரி ஆஷ். அவருக்கும் ஹாலைப் போலவே மேலிடத்து இரகசிய உத்தரவு இருந்தது.

பயணம் முடியுமுன் பல தலைமுறைகள் கலத்திலேயே பிறந்து வாழும் தலைமுறைக் கலக் கதைகளில், முதல் தலைமுறைக்குப் பின் வந்த பயணிகள் யாரும் விரும்பிப் புறப்பட்டவர்கள் அல்லர். ராபர்ட் ஹைன்லைனின் 'யுனிவர்ஸ்' (1941) கதையில், பழைய கலகம் ஒன்றில் அதிகாரிகள் பலர் மடிந்த பின் பயண நோக்கமே மறந்துபோகிறது. கலமே பிரபஞ்சம் என்று நம்பும் சந்ததியினரிடம் கேப்டன் என்ற பதவி மட்டும் எஞ்சுகிறது. கலத்தின் விதிமுறைகளை அவர்கள் வேதமாக ஓதுகிறார்கள்.