சிரட்டைக் கரி எப்ப நிரம்பும்?

மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சியைச் சிரட்டையில் வாங்கிக் குடிக்கிறம். அந்தச் சிரட்டைக்கு இன்னொரு போர் வரலாறும் இருக்கு. கலைப்பீடப் பிள்ளைகளான எங்களுக்கு இரசாயனம் கொஞ்சம் தூரம்தான். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

1915 ஏப்ரல் 22, பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே ஜேர்மன் படை குளோரின் வாயுவைக் காற்றில் திறந்துவிட்டது. அதே ஆண்டு ரஷ்யாவில் நிக்கொலாய் செலின்ஸ்கி கரி அடைத்த முகமூடி செய்தார். 1918 இல் அமெரிக்கா வீடு வீடாகப் பீச் பழக் கொட்டை சேர்த்தது. தேங்காய்ச் சிரட்டையையும் தேடி வாங்கியது. சிரட்டை இறுக்கமானது. அதைக் கரியாக்கி, 900 பாகை செல்சியஸ் அளவில் நீராவி செலுத்தினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும். ஒரு கிராமுக்குள்ளேயே ஆயிரம் சதுர மீற்றர் அளவுக்குச் சுவர்! நஞ்சு அந்தச் சுவரில் பிடிபடும்.

சுவர் ஒருநாள் நிறையும்தானே. எப்ப? முகமூடி போட்டவனுக்கு அது உயிர்க் கேள்வி. 1920 இல் பொஹார்ட், அடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குளோரினையும் கரியையும் வைத்தே அதற்கொரு சமன்பாடு வெளியிட்டார்கள். தொழிற்சாலைகளில் கரி நிரப்பிய நெட்டுத் தாங்கிகளின் ஆயுளைக் கணிக்க இன்றைக்கும் அது பயன்படுது.

தாங்கிக்குள் நடக்கிறது இதுதான். மேலிருந்து தண்ணி இறங்க, மேல்படைக் கரி முதலில் நிரம்பும். நிரம்பின எல்லை மெல்ல மெல்லக் கீழே நகரும். அது அடியைத் தொடும்வரை வெளியே வாற தண்ணி சுத்தமாகத்தான் இருக்கும், பிறகு அழுக்கு மளமளவென்று ஏறும். அதனால் வாயில் வாற தண்ணியை மட்டும் பாத்தால் காணாது. கவனமான தொழிற்சாலைகள் தாங்கியின் நடுவிலும் குழாய் வைத்து மாதிரி எடுக்கும். இரண்டு தாங்கிகளைத் தொடராக வைத்து, முதலாவது நிரம்பினதும் கரியை மாற்றும்.

1973 இல் தொடங்கின ஹேகார்ப் நிறுவனம் முதலாக, இலங்கைச் சிரட்டைக் கரி உலகமெங்கும் போகுது. தங்கம் பிரிக்கிற சுரங்கங்களுக்கும்கூட. 2025 செப்ரெம்பர் 2 இல் புதுக்குடியிருப்பில் வடக்குத் தென்னை முக்கோணத் திட்டம் தொடங்கியது. மரம் வரட்டும், நல்லது. ஆனால் சிரட்டையை விற்கிறதோடு எங்கட பங்கு முடிஞ்சுதோ?

வன்னிக் கிராமங்களின் ஆர்.ஓ. தண்ணி நிலையங்களிலும் ஒரு கரித் தாங்கி நிக்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய்ப் பயத்தில் சனம் அந்தத் தண்ணியைத்தான் நம்புது. உப்பைக் கரி பிடிக்காது, அது மென்சவ்வின் வேலை. மணத்தையும் சேதனக் கழிவையும் குளோரினையும் பிடித்து, மென்சவ்வைக் காப்பாத்துறதுதான் கரியின் வேலை. கரி நிரம்பினாலும் தண்ணி வழமைபோல வந்துகொண்டுதான் இருக்கும், நாக்குக்கும் உடனே தெரியாது. அடுத்தமுறை கான் நிரப்பப் போகேக்க ஒன்று கேளுங்கோ: கரி கடைசியா மாத்தின திகதி எங்க எழுதியிருக்கு?