மரையாணியின் பூர்வீகம்

பேச்சில் கொஞ்சம் தடுமாறுகிறவரை 'மரை கழன்றவர்' என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. பட்டறையிலிருந்து பேச்சுக்கு வந்த சொல் அது. ஒரு மரை பிடிப்பிழந்தால் முழு இயந்திரமும் நிலைகுலையும் என்பதைக் கண்ணால் கண்ட எவரோதான் அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். சிறு விமான எஞ்சின்களின் வரலாற்றைப் படிக்கப் புகுந்த நாம், சிறகையும் சுழலியையும் விட்டுவிட்டு இந்த மரையாணியிடம் வந்து நின்றுவிட்டோம். போல்ட் என்றே சொல்லலாம். பட்டறையில் யாரும் அதை வேறு பெயரில் கேட்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரையை வெட்டிக்கொண்டிருந்தது. மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஜோசப் விட்வொர்த், பல பட்டறைகளின் ஆணிகளைத் திரட்டி, அளவுகளுக்குச் சராசரி கண்டு, 1841இல் ஒரு பொது முறையை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. முகடும் பள்ளமும் உருண்டவை. 1864இல் ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் செல்லர்ஸ், 60 பாகையும் தட்டை முகடும் போதும், வெட்டுவதும் எளிது என்றார். வித்தியாசம் ஐந்தே பாகை. ஆனால் அந்த ஐந்து பாகை அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பிரித்து வைத்தது.

அரை அங்குல போல்டில் பெரிய மோசம் நேர்ந்துவிடாது. விட்வொர்த் முறையில் அங்குலத்திற்கு 12 மரைகள், அமெரிக்க முறையில் 13. சில சுற்றுகளிலேயே முறுகி நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆபத்து கால் அங்குலத்தில்தான் இருக்கிறது. அங்கே இரண்டிலும் 20 மரைகள். ஒன்றின் நட்டு மற்றதன் போல்டில் ஏறும். இறுகிவிட்டது போலவும் தோன்றும். உள்ளே, மரையின் பக்கங்கள் முழுமையாகத் தொடாமல் விளிம்புகள் மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் என்ன என்று கேட்கலாம். முறையாக இறுக்கிய போல்ட் மிகச் சிறிய அளவு நீள்கிறது. சுருங்கத் துடிக்கும் வில்லைப் போல அது இரு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தம் இருக்கும்வரை எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் தரும் அதிர்வில் சிறுபகுதியே போல்டைச் சேரும். பிடி தளர்ந்தால் அடி முழுதும் அதன்மேல் விழும். நிமிடத்திற்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழலும் எஞ்சினில் உலோகச் சோர்வுக்கு நெடுநாள் தேவையில்லை.

சிறு எஞ்சின்களின் கதையே கிடைத்ததைக் கொண்டு செய்ததில் தொடங்கியதுதான். முதல் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனில் ரெனோ வகை எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் உபரியாகக் குவிந்து கிடந்தன. அவற்றை வாங்கி விற்ற நிறுவனத்துக்காக ஃபிராங்க் ஹால்ஃபோர்டு அந்த எஞ்சினை மேம்படுத்தியிருந்தார். மலிவான சிறு விமானம் ஒன்றுக்காக ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் அவரை அணுகியபோது, ஏறத்தாழ அதையே பாதியாக்கி நான்கு சிலிண்டர்களோடு 'சிர்ரஸ்' பிறந்தது. 60 குதிரைத்திறன். 1925 பிப்ரவரியில் அதைத் தாங்கி 'மோத்' பறந்தது. பழைய இரும்புக் கடையின் அருளால் சாமானியரின் விமானப் பயிற்சி தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது. விமானம் விற்க விற்க உபரி கரைந்தது. இருப்பு தீர்ந்துவிடும் என்ற கவலையில்தான் டி ஹாவிலண்ட் தனக்கென 'ஜிப்ஸி' எஞ்சினை ஹால்ஃபோர்டைக் கொண்டே வடிவமைக்கச் செய்தார். அதன் வழிவந்த ஜிப்ஸி மேஜர் 14,000க்கு மேல் உருவானது. டைகர் மோத் என்னும் பயிற்சி விமானத்தின் இதயம் அதுவே.

பெரிய எஞ்சின் ஒன்றையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1940இல் ரோல்ஸ்-ராய்ஸின் மெர்லினை அமெரிக்காவில் செய்ய பேக்கார்ட் நிறுவனம் ஒப்புக்கொண்டது. மரைகளை அமெரிக்க முறைக்கு மாற்றியிருந்தால் வேலை எளிதாகியிருக்கும். ஆனால் போர்க்களத்தில் உதிரி பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பிரிட்டிஷ் மரை போல்ட்களைச் செய்து தர உள்ளூரில் ஆளில்லாததால் பேக்கார்ட் தானே செய்தது. இந்த அலைச்சல் போதும் என்றுதான் போலும், 1948 நவம்பரில் வாஷிங்டனில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 60 பாகைக்கு உடன்பட்டன.

உடன்படிக்கை காகிதத்தில் ஆனது. எஞ்சின்கள் பழைய மரைகளோடு பறந்துகொண்டிருந்தன. நம் நாட்டுப் பயிற்சிக் கழகங்களில் டைகர் மோத் இருந்தது. 1958இல் முதலில் பறந்த எச்.ஏ.எல். புஷ்பக் அமெரிக்க காண்டினென்டல் எஞ்சினோடு வந்தது. இரண்டையும் பேணியவருக்கு ஸ்பேனர்களும் இரண்டு வகை, போல்ட் டப்பாக்களும் இரண்டு வகை. அமெரிக்க விமான போல்ட்கள் ராணுவமும் கடற்படையும் சேர்ந்து வகுத்த ஏ.என். வரிசையைச் சேர்ந்தவை. ஏ.என்.4 என்றால் கால் அங்குலம். எண் பதினாறில் ஒரு பங்கைக் குறிக்கும். தலையில் பெருக்கல் குறியோ நட்சத்திரமோ இருந்தால் உலோகக்கலவை எஃகு. இரண்டு கோடுகள் இருந்தால் அலுமினியம். பூட்டுக்கம்பி நுழையத் தலையில் துளையிட்ட போல்ட்களும் உண்டு.

ஆனால் குறி பொய் சொல்லவும் கற்றுக்கொண்டது. 1980களில் உயர்தரக் குறியைத் தாங்கி, வெப்பத்தில் வலுவிழக்கும் போரான் எஃகு போல்ட்கள் அமெரிக்கச் சந்தையில் பரவின. 1989 செப்டம்பரில் டென்மார்க் கடலில் விழுந்து 55 பேரைப் பலிகொண்ட கான்வேர் விமானத்தின் வாலைப் பிணைத்தவற்றில் போலிகள் இருந்தன என்று நார்வே விசாரணை கண்டது. அமெரிக்கா போல்ட்களின் தரத்துக்கென்றே 1990இல் தனிச் சட்டம் இயற்றியது.

அதே ஆண்டு ஜூன் 10 அன்று நடந்தது இன்னும் வினோதம். இங்கே போலி எதுவும் இல்லை. பர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்ந்துபோக, விமானி இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, உயிர் பிழைத்தார். முந்தைய நாள் அதிகாலையில் புதுக் கண்ணாடி பொருத்தியவர், கழற்றிய பழைய போல்டை மாதிரியாகக் கையில் வைத்துக்கொண்டு, மங்கலான வெளிச்சத்தில் கண்ணளவில் ஜோடி தேடியிருந்தார். போட்ட 90 போல்ட்களில் 84, விட்டத்தில் 0.026 அங்குலம் குறைந்தவை. எஞ்சிய ஆறும் நீளம் போதாதவை. சரியான எண்ணைக் கிடங்குக்காரர் சொல்லியும் இருந்தார். இத்தனைக்கும் அவர் மாதிரியாக எடுத்த பழைய போல்டே தவறானது: அதற்கு முன் யாரோ நீளம் குறைந்ததைப் போட்டிருந்தார்கள்.

இன்று ஒரு ஜிப்ஸி மேஜரைப் புதுப்பிக்கிறவரும் முதலில் பழைய போல்டைக் கழற்றித்தான் கையில் எடுக்கிறார். எண்பது ஆண்டுகளில் எத்தனை கைகள் அதில் ஸ்பேனர் வைத்திருக்கும்! ஆகவே அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, உற்பத்தியாளரின் உதிரிபாகப் பட்டியலைத் திறக்கிறார்.