துண்டுச் சீட்டு: சேலத்திலிருந்து கண்டிச்சீமைக்கு

போன எபிசோடில் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பேசினோம். அதிலிருந்து ஒரு கணக்கை மட்டும் இன்றைக்கென்று எடுத்து வைத்திருந்தேன். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் எண்ணினால் 16 லட்சம். பத்து வருஷத்தில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் குறைஞ்சு போச்சு. அன்றைய சேலம் என்றால் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்தது. நாமக்கல் தனி மாவட்டமானதே 1997இல்தான்.

இந்த மூன்றரை லட்சத்தில் பெரும்பகுதி பசியிலும் காலராவிலும் செத்தவர்கள். இன்னொரு பகுதி ஊரை விட்டுக் கிளம்பியவர்கள். அவர்களில் பலர் போன இடத்துக்கு நம்ம பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் பெயர் கண்டிச்சீமை, அதாவது இலங்கையின் மலைத் தோட்டங்கள். சேலம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இந்தப் பகுதிகள்தான் அந்தத் தோட்டங்களுக்கு அதிகம் ஆள் அனுப்பியவை.

எப்படிப் போனார்கள்? வெள்ளைக்காரத் துரை சேந்தமங்கலத்துக்கோ ராசிபுரத்துக்கோ வந்து கூப்பிடவில்லை. வந்தவர் கங்காணி. நம்ம ஊர்க்காரர், நம்ம மொழி, பல நேரம் சொந்தக்காரர். கையில் தோட்டம் கொடுத்த முன்பணம். ஊரில் பண்ணையாளாக இருப்பவருக்குப் பண்ணையாரிடம் ஏற்கெனவே ஒரு கடன் இருக்கும். அதைக் கங்காணி அடைத்துவிடுவார். வீட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம், வழிச்செலவுக்குக் கொஞ்சம். எல்லாம் அந்த ஆளின் பெயரில் எழுதப்படும். ஆக, தேயிலைக் கொழுந்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவர் கடன்காரர்.

போன இடத்தில் இன்னும் ஒரு படி மேலே. வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று கங்காணிக்குத் தனியாகக் காசு. தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலை சம்பளத்தில் கழியும். கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், பழைய தோட்டம் ஒரு சீட்டுக் கொடுக்கும்: 'இந்தக் கூட்டத்தின் மேல் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம்.' அதுதான் துண்டு. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீர்ந்ததா? இல்லைங்க, கைமாறியது. என்னைக் கேட்டால், ஆள் விற்பனைக்கும் இதுக்கும் ஒரு துண்டுக் காகிதம்தான் வித்தியாசம்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்த அப்போது யாரும் முயலவில்லையா? முயன்றார்கள். ஆனால் எதை ஒழுங்குபடுத்தினார்கள் என்று பாருங்க. 1904இல் தோட்ட முதலாளிகள் திருச்சியில் சிலோன் லேபர் கமிஷன் என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். கங்காணி கூட்டி வரும் ஆட்களைச் சரிபார்த்து அனுப்புவது அதன் வேலை. ஆளுக்கு ஒரு தகர டிக்கெட். அதில் தோட்டத்துக்கும் ஆளுக்கும் உரிய எண். அதைக் காட்டினால் தோட்டம் வரைக்கும் பயணம். மண்டபத்தில் ஒரு முகாம். கப்பல் ஏறுமுன் அங்கே நிறுத்தி, காலரா, பிளேக் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். ஆள் ஆரோக்கியமானவரா, எண் சரியா, இதெல்லாம் அக்கறையோடு பார்த்தார்கள். அவர் தலையில் எவ்வளவு கடன் என்பது மட்டும் வாசலில் யார் கண்ணுக்கும் தெரியாத சமாச்சாரம்.

மாற்றம் வந்தது 1920களில். 1921இல் துண்டு முறையை இலங்கை அரசு சட்டம் போட்டு ஒழித்தது. 1922இல் இந்தியாவில் குடியேற்றச் சட்டம் வந்தது. கங்காணிக்கு உரிமம் கட்டாயமானது. இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் போய் உட்கார்ந்தார். எனக்கு முக்கியமாகப் படுவது 1923இல் நடந்தது. ஆள் சேர்க்கும் செலவை இனி முதலாளிகள் போடும் பொது நிதி ஏற்கும், தொழிலாளியின் கணக்கில் எழுதக் கூடாது என்று விதி வந்தது. நூறு வருஷம் முன்னால்! பழைய கடன்களும் கங்காணியின் பிடியும் ஒரே நாளில் போய்விடவில்லைதான். ஆனால் கை வைக்க வேண்டிய இடம் எது என்று அப்போது சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1939இல் இலங்கைக்குக் கூலி வேலைக்குப் போவதையே இந்திய அரசு தடை செய்தது.

திரும்பி வந்த கதை பெரியது, சுருக்கமாகச் சொல்றேன். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரண்டு பிரதமர்கள் பேசி முடித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. தாத்தா போன அதே மண்டபம் முகாமில் பேரன் வந்து இறங்கினார். மறுவாழ்வு என்று பலருக்கு அரசு கொடுத்தது என்ன தெரியுமா? தொழில் கடன்.

இப்போ நம்ம காலத்துக்கு வரலாம். இன்று நடைமுறையில் இருப்பது 1983ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா உட்பட குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால், குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பத்தாவது பாஸ் என்றால் அது தேவையில்லை. படித்தவர் தன்னைத்தானே பார்த்துக்கொள்வார் என்று சட்டம் நம்புகிறது. 2022இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்ட தமிழ்நாட்டுப் பையன்களை நினைத்துப் பாருங்க. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள். சட்டத்தின் கண்ணில் பாதுகாப்பே தேவைப்படாதவர்கள்.

இன்னொன்று. பதிவு பெற்ற ஏஜென்ட், போகிறவரிடமே 30,000 ரூபாய் வரைக்கும், அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து வாங்கலாம் என்று இன்றைய விதி அனுமதிக்கிறது. 1923இல் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்கிய செலவை நாமே திரும்ப ஏற்றிவிட்டோம். அந்த 30,000த்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. ஏஜென்டுக்குக் கீழே ஊருக்கு ஊர் ஒரு சப்-ஏஜென்ட் இருப்பார். சட்டப்படி அப்படி ஒரு ஆளே கிடையாது. ஆனால் அவர்தான் வாட்ஸ்ஆப்பில் விசா போட்டோ அனுப்புவார், 'நம்ம பையன்' என்பார், நகையை எங்கே அடகு வைக்கலாம் என்றும் அவரே சொல்வார். உரிமம் இல்லாத கங்காணி!

உங்கள் வீட்டிலோ நண்பர்களிலோ யாராவது கிளம்பினால் இரண்டு விஷயம் பாருங்க. ஏஜென்டின் பதிவு எண் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா? வேலை என்று சொல்லிவிட்டு டூரிஸ்ட் விசாவைக் கையில் கொடுக்கிறார்களா? தமிழ்நாடு அரசுக்கே 1978இலிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

அடுத்த எபிசோடில் மண்டபம் கேம்ப். கண்டிக்குப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும் தங்கிய அதே இடத்தில், 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களைப் பற்றிப் பேசுவோம்.