தனியரசு கோராத தன்னாட்சி: சிரியக் குர்தியரின் 2014ஆம் ஆண்டுச் சாசனம்

1920இன் செவ்ரே உடன்படிக்கை குர்தியர்க்குத் தனிநாட்டு வாய்ப்பைச் சுட்டியது. 1923இன் லோசான் உடன்படிக்கையோ அவர்தம் பெயரையே குறிக்கவில்லை. சிரியாவின் ஹசக்கா மாநிலத்தில் 1962இல் நிகழ்ந்த கணக்கெடுப்பு ஏறத்தாழ 1,20,000 குர்தியரின் குடியுரிமையைப் பறித்தது. இப்பின்னணியில், 2014 ஜனவரியில் வடசிரியத் தன்னாட்சிப் பகுதிகள் வெளியிட்ட சமூக ஒப்பந்தம் கூர்ந்து நோக்கத்தக்கது. அது தனியரசு கோரவில்லை; அப்பகுதிகள் சிரியாவின் பிரிக்கவியலாக் கூறு என்றே உரைத்தது. ஜசீராப் பகுதியில் குர்தி, அரபு, சிரியாக் ஆகிய மூன்றும் ஆட்சிமொழிகளாயின. தம் மொழிக்குப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டோர் பிறர் மொழிக்கு அதனை மறுக்காமையே இச்சாசனத்தின் பெருஞ்சிறப்பு எனலாம். அரசின்றி ஊர்மன்றங்கள்வழி ஆளும் இக்கோட்பாட்டை, துருக்கிச் சிறையிலிருந்த அப்துல்லா ஓஜலான் 2005இல் அறிவித்தார். எனினும், அரசை வேண்டாத அமைப்பு அரசின் ஏற்பை வேண்டியே நின்றது. 2025 மார்ச்சில் அதன் படைத்தளபதி மஸ்லூம் அப்தி, டமாஸ்கஸ் அரசுடன் இணைப்பு உடன்பாட்டில் கையொப்பமிட்டார்.