வெக்கை நோய் ஒழிப்பு

வெக்கை நோய் மாடு, எருமைகளைக் கூட்டமாகக் கொன்ற வைரஸ் நோய். பெரியம்மைக்குப் பின் உலகிலிருந்து முற்றிலும் ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இது. இந்தியாவில் கடைசியாக 1995-ல் தமிழ்நாட்டின் வட ஆற்காடு பகுதியில் காணப்பட்டது.

இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. எனினும் இதன் வைரஸ், மனிதரைத் தாக்கும் தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவுடையது. பண்டைக்காலத்தில் மாட்டிலிருந்து மனிதருக்குத் தாவிய வைரஸே தட்டம்மையாக மாறியது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

உழவர் வாழ்வில்

கடும் காய்ச்சல், வாய்ப்புண், நிற்காத கழிச்சல் ஆகியவை அறிகுறிகள். நோய் கண்ட மாடுகளில் பெரும்பாலானவை சில நாட்களில் இறந்தன. கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலை போன்ற மானாவாரிப் பகுதிகளில் ஏருக்கும் எருவுக்கும் மாடே ஆதாரம். ஏர்மாடு செத்தால் விதைப்பு தவறும், வீட்டில் தானியம் குறையும், கடன் ஏறும். மனிதரைத் தொடாத நோய் மனிதரின் பட்டினிக்குக் காரணமானது இவ்வாறே.

தடுப்பு மருந்து

1889-ல் புனேயில் தொடங்கி 1893-ல் இமயமலையின் முக்தேசருக்கு மாற்றப்பட்ட ஆய்வகம் இந்நோயை ஆராய்ந்தது. 1920-களில் அங்கு ஜே.டி. எட்வர்ட்ஸ் வைரஸை ஆடுகளில் தொடர்ந்து வளர்த்து வீரியம் குறைத்துத் தடுப்பூசி உருவாக்கினார். சென்னையில் 1932-ல் இந்நோய்க்கான சீரம் தயாரிக்கும் நிலையம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் ராணிப்பேட்டைக்கு மாறி, கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமாக வளர்ந்தது.

ஒழிப்பு

இந்திய அரசு 1954-ல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தடுப்பூசியைக் குளிர்நிலை கெடாமல் தொலைதூர ஊர்களுக்குக் கொண்டுசெல்வது முக்கியமான சவாலாக இருந்தது. பின்னர் தடுப்பூசியை நிறுத்தி, ஊர் ஊராகக் கண்காணிக்கும் கட்டம் வந்தது. தடுப்பூசி போட்ட மாடுகளின் ரத்தத்திலும் எதிர்ப்புப் பொருள் இருக்கும் என்பதால், ஊசியை நிறுத்தாமல் நோய் இல்லை என்று நிறுவ முடியாது. 2006-ல் இந்தியா இத்தொற்று அற்ற நாடாகவும், 2011-ல் உலகமே வெக்கையற்றதாகவும் அறிவிக்கப்பட்டது.

வெற்றிக்கான காரணங்கள்

வெக்கை வைரஸில் ஒரே சீரம் வகைதான் உண்டு. பிழைத்த மாடு நோயைச் சுமந்து திரிவதில்லை. ஒருமுறை போட்ட ஊசி நெடுங்காலம் காக்கும். கோமாரி நோய்க்கு இவை பொருந்தாது. அதன் வைரஸில் ஏழு வகைகள் உள்ளன, ஊசியை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை போட வேண்டும். கல்வராயன் மலையூர்களின் மாட்டுக்கொட்டில்களுக்கு இன்றும் தடுப்பூசி தேவைப்படுவது இதனால்தான்.