வீடா, சானடோரியமா: நிராகரிக்க முடியாத ஓர் எடுகோளின் கதை

முதலாமாண்டுப் புள்ளியியல் வினாத்தாளில் எப்போதும் ஒரே மாதிரி முடிகிற ஒரு கணக்கு உண்டு. இரண்டு குழுக்கள், இரண்டு விகிதங்கள், ஒரு இசட் மதிப்பு, பக்கத்தில் அட்டவணையிலிருந்து எடுத்த 1.96. கடைசி வரி: ‘ஆகவே இன்மை எடுகோளை நிராகரிக்க முடியவில்லை.’ அடியில் இரண்டு கோடு போட்டால் மார்க் வந்துவிடும். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை.

1950களின் இறுதியில், நம் சென்னையில், இதே வடிவக் கணக்கு ஒன்றின் விடைக்காக லட்சக்கணக்கான காசநோயாளிகள் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன் ஒரு டம்ளர் காபி.

*

பெசன்ட் நகரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். “பால் மேல டிகாக்‌ஷன் ஊத்தினியா, டிகாக்‌ஷன் மேல பால் ஊத்தினியான்னு ஒரு வாய் குடிச்சா சொல்லிடுவேன்டா” என்கிறார். பேரனுக்கு நம்பிக்கை இல்லை. “சும்மா அடிச்சு விடாதீங்க பாட்டி. எட்டு டம்ளர் வைக்கிறேன், நாலு இப்படி, நாலு அப்படி. பிரிச்சுக் காட்டுங்க பார்க்கலாம்.”

இது ரொனால்ட் ஃபிஷர் 1935-ல் வெளியிட்ட புத்தகத்தில் வரும் சோதனை. அங்கே காபிக்குப் பதில் தேநீர், பாட்டிக்குப் பதில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. எட்டு டம்ளரிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. பாட்டிக்கு எந்தத் திறமையும் இல்லை, குருட்டாம்போக்கில்தான் சொல்கிறார் என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். இதுதான் இன்மை எடுகோள். கல்லூரிப் பேச்சில் ‘நல் ஹைப்பாதெசிஸ்’. அப்படியானால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்பு, அதாவது சுமார் 1.4 சதவீதம். இதுதான் பி-மதிப்பு. இவ்வளவு அரிதான ஒன்று கண்முன்னே நடந்தால், ‘குருட்டாம்போக்கு’ என்ற கதையைப் பேரன் கைவிடுவது நியாயம்.

சரி, பாட்டி நான்கில் ஒன்றைத் தவறவிட்டால்? குறைந்தது மூன்றைச் சரியாகப் பிடிக்க 70-ல் 17 வழிகள். கிட்டத்தட்ட 24 சதவீதம். இது அதிர்ஷ்டத்திலேயே நடக்கக்கூடியதுதான், எடுகோளை நிராகரிக்க முடியாது. அப்படின்னா பாட்டிக்குத் திறமை இல்லை என்று நிரூபித்துவிட்டோமா? இல்லை. எட்டே டம்ளர் வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். ‘இல்லை என்று தெரிந்தது’ என்பதும் ‘உண்டா என்று தெரியவில்லை’ என்பதும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தைத் தவறவிட்டால் காபி விஷயத்தில் நட்டம் ஒன்றுமில்லை. காசநோய் விஷயத்தில் உண்டு.

*

1950களில் காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் சிகிச்சை என்றாலே சானடோரியம் என்ற எண்ணம் மாறவில்லை. நல்ல காற்று, முழு ஓய்வு, முட்டை, பால், செவிலியர் மேற்பார்வை, மாதக்கணக்கில் படுக்கை. மெட்ராஸ்காரர்களுக்கு அந்தச் சொல் பழகிய சொல். டாக்டர் சௌரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் பிற்பாடு அரசு வசமானது. இன்றும் புறநகர் ரயில் நிலையம் ஒன்று அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

சிக்கல் எளிமையானது. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். படுக்கை கிடைக்காதவரை என்ன செய்வது? மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் எந்த வீட்டுக்கு? ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீடு, பாதி வயிற்றுச் சாப்பாடு, நோயாளியை ஒட்டிப் படுக்கும் குழந்தைகள். அங்கே மருந்து வேலை செய்யுமா? குழந்தைகளுக்குத் தொற்றாதா?

இதை விவாதத்தால் தீர்க்காமல் சோதனையால் தீர்க்க 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு நிலையம் உருவானது: காசநோய் வேதிசிகிச்சை மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து தொடங்கியது. முதல் ஆண்டுகளில் வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலிடம் விட்டார்கள். கேட்கக் கல்நெஞ்சம்போல் தெரியும். ஆனால் மருத்துவர் கையில் விட்டிருந்தால் ரொம்ப மோசமானவர்களைப் பரிதாபப்பட்டுச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பிறகு இரண்டு குழுவையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இருக்காது. 1948-ல் முடிவு வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் நிலைநிறுத்திய முறை இது. எட்டே ஆண்டில் அது சேத்துப்பட்டுக்கு வந்துவிட்டது.

இரு குழுவுக்கும் ஒரே மருந்துகள்: ஐசோனியாசிட், பாஸ். ஓராண்டு. வீட்டில் இருப்பவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்கத் திடீரென்று வீட்டுக்குப் போனார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடை கூடினார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த அளவு எடை ஏறவில்லை. சாப்பாடு, ஓய்வு, இடவசதி எல்லாமே சானடோரியத்தின் பக்கம்.

1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சளிச் சோதனைப்படி நோய் அடங்கியிருந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம்.

*

இப்போது நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியப் பகுப்பாய்வில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 80 பேர். இன்றைய பாடப்புத்தக முறையில் நாமே போட்டுப் பார்க்கலாம். வித்தியாசம் 6 சதவீதப் புள்ளி. திட்டப்பிழை சுமார் 4.9. ஆறை 4.9-ஆல் வகுத்தால் 1.2. அது 1.96-க்குக் கீழே. ஆகவே இன்மை எடுகோளை நிராகரிக்க முடியவில்லை. இரண்டு கோடு.

ஆனால் இங்கே நிறுத்தினால் பாட்டி விஷயத்தில் செய்த அதே தவறுதான். ஒரு கற்பனை: ஃபாக்ஸ் குழுவினர் சோம்பல்பட்டுப் பக்கத்துக்கு 20 பேரை மட்டும் எடுத்திருந்தால்? சானடோரியத்தில் 18 பேரும் வீட்டில் 14 பேரும் குணமாகியிருந்தால்? 90-க்கு 70. இருபது புள்ளி வித்தியாசம். கணக்குப் போட்டால் இசட் 1.6-தான் வருகிறது. இதையும் ‘நிராகரிக்க முடியவில்லை’ என்றே எழுத வேண்டும். அந்த ஒரு வரியை நம்பி ‘வீடும் சானடோரியமும் ஒன்றே’ என்று அரசு ஆணை போட்டால், நூற்றில் இருபது பேரைச் சத்தமில்லாமல் கைவிட்டிருப்போம். ஆள் குறைந்தால் எந்த வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இந்த இரண்டாவது வகைத் தவறுக்கு முறையான இடம் கொடுத்தவர்கள் ஜெர்சி நெய்மனும் எகான் பியர்சனும். இல்லாததை இருப்பதாகச் சொல்வது முதல் வகைப் பிழை, இருப்பதைப் பார்க்காமல் விடுவது இரண்டாம் வகைப் பிழை. நம்பிக்கை இடைவெளி என்ற கருவியையும் 1930களில் நெய்மன்தான் வகுத்தார்.

சென்னைச் சோதனைக்கு அந்த இடைவெளியைப் போடுவோம். ஆறிலிருந்து இரண்டு பக்கமும் 1.96 தடவை 4.9. கிடைப்பது ஏறத்தாழ −4 முதல் 16 வரை. அதாவது இந்தத் தரவோடு ஒத்துப்போகும் உண்மைகள் பல. வீடு 4 புள்ளி மேலாக இருக்கலாம். இரண்டும் சமமாக இருக்கலாம். சானடோரியம் 16 புள்ளி மேலாகவும் இருக்கலாம். ‘நிராகரிக்க முடியவில்லை’ என்ற வரி மறைத்துவிட்ட அந்தப் பதினாறை இடைவெளி மறைக்கவில்லை.

‘95 சதவீதம்’ என்பதில் பலரும் வழுக்குவார்கள். பெசன்ட் நகர் வேளாங்கண்ணித் திருவிழா மாதிரி இடங்களில் வளையம் எறியும் கடை பார்த்திருப்பீர்கள். சோப்பு டப்பா ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும், வளையம்தான் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். உண்மை மதிப்பு அந்த டப்பா. நம் இடைவெளி அந்த வளையம். நூறு முறை எறிந்தால் சுமார் 95 முறை டப்பாவைச் சுற்றி விழும்படி எறியத் தெரிந்தவர் நெய்மன். ஆனால் நமக்குக் கண்ணைக் கட்டியிருக்கிறது. இந்த ஒரு வளையம் விழுந்ததா இல்லையா என்று தெரியாது. 95 என்பது எறிகிற கைக்கான உத்தரவாதம், விழுந்த வளையத்துக்கானது அல்ல.

சென்னைக் குழுவினர் எழுதிய முடிவு கவனமானது. இரண்டும் சமம் என்று அவர்கள் சொல்லவில்லை. வீட்டுச் சிகிச்சையின் பலன் சானடோரியத்துக்குப் போதுமான அளவு நெருங்கி வருகிறது, ஆகவே நல்ல சேவை அமைப்பு இருந்தால் பெரும்பாலானவர்களை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை தரலாம் என்ற பொருளில் எழுதினார்கள். ‘போதுமான அளவு’ என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. படுக்கை கிடைக்காமல் வாசலில் நிற்பவருக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது சானடோரியம் இல்லை, சிகிச்சையே இல்லாத நிலை. அதை எதிரே வைத்துப் பார்த்தால், மோசமான பக்கத்தில் 16 புள்ளி என்ற ஆபத்தையும் ஏற்கலாம் என்று தோன்றும்.

ஏற்றுக்கொண்டுவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை. ஐந்தாண்டு அதே நோயாளிகளைத் தொடர்ந்தார்கள், அவர்களுடைய வீட்டாரையும் தொடர்ந்தார்கள். 1966-ல் வந்த அறிக்கைகளின்படி நோயாளிகளின் நிலையில் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடில்லை. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது, மருந்து தொடங்கியதும் பரவல் வேகமாகக் குறைகிறது. 1962-ல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடித்தளமாகக் கொண்டது. உலகமும் பின்னால் வந்தது.

*

அதே வட்டாரத்தில் அடுத்த பத்தாண்டில் நேரெதிரான ஒரு கணக்கு வந்தது. அங்கே எல்லோரும் ஆசைப்பட்டது வித்தியாசம் தெரிய வேண்டும் என்று.

பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் பிசிஜி தடுப்பூசி முக்கால் பங்கு அளவுக்குப் பாதுகாப்பு தந்திருந்தது. நம் ஊரிலும் தருமா என்று பார்க்க 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு மாபெரும் சோதனை தொடங்கியது. 2,81,161 பேருக்குத் தற்செயல் முறையில் பிசிஜியோ வெற்று ஊசியோ போட்டார்கள். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை கிராமம் கிராமமாகத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள்.

ஏழரை ஆண்டு முடிவு வந்தபோது அதிர்ச்சி: நுரையீரல் காசநோயிலிருந்து தடுப்பூசி பாதுகாக்கவில்லை. பதினைந்து ஆண்டு முடிவு 1999-ல் வெளியானது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளுக்கு 27 சதவீதம். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி −8 முதல் 50 வரை.

இந்த மூன்று எண்களையும் பொறுமையாகப் படியுங்கள். 27 மட்டும் என்றால் ‘குழந்தைகளைக் கால்வாசி காக்கிறது’ என்று தலைப்புப் போடலாம். இடைவெளிக்குள் பூஜ்யம் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் ‘பயனே இல்லை’ என்று தலைப்புப் போடலாம். தரவு இரண்டையும் சொல்லவில்லை. கொஞ்சம் கெடுதல் முதல் பாதிக்குப் பாதி பாதுகாப்பு வரை எதுவும் சாத்தியம் என்கிறது. இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்தும் இடைவெளி ஏன் இவ்வளவு அகலம்? அகலத்தை முடிவு செய்வது ஊசி போட்டவர்களின் எண்ணிக்கை மட்டும் அல்ல. நோய் வந்தவர்களின் எண்ணிக்கைதான் பெரும்பங்கு. குழந்தைகளிடம் அது குறைவு. கைக்குழந்தைகளுக்கு நம் நாட்டில் இன்றும் பிசிஜி போடுகிறார்கள், மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வடிவங்களை அது தடுப்பதால். அது வேறு கேள்வி, வேறு தரவு.

மருத்துவ இதழ்கள் பி-மதிப்போடு நிற்காமல் இடைவெளியையும் கேட்டு வாங்கத் தொடங்கியது 1980களில்தான். அதனால்தான் 1999 அறிக்கையின் அந்த எண்களை நாம் நேரடியாகப் படிக்க முடிகிறது, 1959 எண்களுக்கு நாமே நோட்டில் போட வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை பயிற்சிக் கணக்கில் ‘நிராகரிக்க முடியவில்லை’ என்று எழுதியதும் பேனாவை மூடிவிடாதீர்கள். கீழே இடைவெளியைப் போட்டு, அதன் இரண்டு முனைகளையும் தனித்தனி வாக்கியமாகத் தமிழில் எழுதிப் பாருங்கள்: உண்மை இந்த முனையில் இருந்தால் யாருக்கு என்ன ஆகும், அந்த முனையில் இருந்தால் யாருக்கு என்ன ஆகும். ‘வீட்டுக்கு அனுப்பிய நூறு பேரில் கூடுதலாகப் பதினாறு பேர் குணமாகாமல் போகலாம்.’ சேத்துப்பட்டுக் கணக்கின் ஒரு முனை இந்த வாக்கியம். ஐந்தாண்டு அந்த வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்ததற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.