அண்ணா ஏன் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறான்?

எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அம்மம்மா குரல்பதிவு மட்டும்தான் அனுப்புவா. அம்மா தமிழ் எழுத்தில் எழுதுவா. அண்ணாவும் தமிழ்தான் எழுதுவான், ஆனால் ஆங்கில எழுத்தில். எனக்குக் கோபம் வந்தால் ஜேர்மன்தான் வரும். "இந்தப் பிள்ளையள் தமிழ் எழுத்தையே மறந்துபோச்சுதுகள்" என்று மாமா ஒருநாள் அங்கே எழுதினார். அதையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதியிருந்தார்!

எல்லோரும் சிரித்தோம். ஆனால் இந்தப் பழக்கம் நம்மோடு தொடங்கியதல்ல. பழைய கணினிகளின் ஆஸ்கி குறியீட்டு முறையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகள், எண்கள், குறியீடுகளோடு அவை நிரம்பிவிட்டன. அதனால் 1990களில் இணையத்துக்கு வந்த தமிழர்கள் பலர் ஆங்கில எழுத்திலேயே தமிழ் எழுதினார்கள். பிறகு தமிழ் எழுத்துருக்கள் வந்தன. ஆனால் அனுப்பியவரின் எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டால், திரையில் புரியாத குறிகள்தான் தெரியும். யூனிக்கோடு 1991இலேயே தமிழுக்கு இடம் கொடுத்தது. அது வீட்டுக் கணினிகளில் பரவலாக வந்துசேரப் பல ஆண்டுகள் எடுத்தது. ஆக, முதல் தலைமுறை ஆங்கில எழுத்தை எடுத்தது மறதியால் அல்ல, வேறு வழி இல்லாததால்.

இன்று எல்லாக் கைபேசியிலும் தமிழ் விசைப்பலகை கிடைக்கிறதே. பிறகும் ஏன்?

இப்படியான கேள்விகளுக்கு விடை தேடுவதுதான் இணைய இனவரைவியல். டேனியல் மில்லரும் டொன் ஸ்லேட்டரும் ட்ரினிடாட் தீவுக்குப் போய், மக்கள் இணையத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து 2000இல் ஒரு நூல் எழுதினார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளோடு குடும்பமாகவே வாழ அந்த மக்களுக்கு இணையம் உதவியது. ஜேர்மனியில் யானிஸ் அன்ட்ரூட்சோபூலோஸ் என்ற மொழியியலாளர், இங்கே வாழும் ஈரானிய, இந்திய, கிரேக்கப் பின்னணி கொண்டவர்கள் இணையத்தில் மொழிகளைக் கலந்து எழுதுவதை ஆராய்ந்தார். எழுதியதை நீண்டகாலம் கவனிப்பது ஒரு பாதி, எழுதியவர்களிடமே போய்க் கேட்பது மறுபாதி என்பது அவருடைய வழி.

நான் முதல் பாதியை மட்டும் செய்திருந்தால், அண்ணாவுக்குச் சோம்பல் என்று எழுதியிருப்பேன். கேட்டேன். அவன் சொன்னான்: "தமிழ் எழுத்தில எழுதினா ல, ழ, ள எண்டு எல்லாரும் திருத்துவினம். இங்கிலீஷ் எழுத்தில ஒருத்தரும் பிழை பிடிக்க மாட்டினம்."

எனக்குச் சுருக்கென்றது. அவனை அதிகம் திருத்தியது நான்தான்.

எந்தக் குறுஞ்செய்தியிலும் இந்தப் பதில் இல்லை. அவன் எழுதாமல் விட்டவற்றில்தான் அது இருந்தது.

உங்கள் வீட்டுக் குழுவிலும் ஒரு வாரம் கவனியுங்கள். யார், யாருக்கு, எந்த மொழியில், எந்த எழுத்தில் எழுதுகிறார்கள் என்று குறித்துவையுங்கள். பிறகு காரணத்தை அவர்களிடமே கேளுங்கள். அதை வெளியே எழுதுவதென்றால், முதலில் அனுமதியும் கேளுங்கள். நானும் அண்ணாவிடம் கேட்டேன். "எழுது, ஆனா திருத்தாதை" என்றான். தமிழ் எழுத்தில்.